தானாய் மூடிக்கொள்ளும் கதவு

கதவு மூடிக்கொண்டதில் சத்தமே இல்லை. யசோதராவுக்கு முதலில் அதுதான் பிடித்துப்போனது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இரும்புக் கதவு, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதது, அது பாட்டுக்குப் பூனை மாதிரி நடந்து வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. வெளியே கொண்டி 'ளக்' என்று விழுந்தது. அந்த 'ளக்'கை அவள் உடனே நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துச் செய்து பார்த்தாள். அச்சு அசல். இன்னொரு தரம் செய்தாள், கொஞ்சம் ஈரம் கூடிவிட்டது, இரும்பு இப்படி எச்சிலோடு பேசாது. மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறந்தபோதுதான் கொண்டி இருப்பது வெளிப்பக்கம் என்பது உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்தது. பேய்வேஷம் கட்ட வந்தவள் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டாள். இந்தத் தங்கவயலில் வெள்ளைக்காரன் கட்டிய பேங்க், பேங்க்கின் கடைசியில் இந்த ஸ்ட்ராங் ரூம், ஸ்ட்ராங் ரூமுக்குள் பதினேழு வயசு யசோதரா. ஒரு காலத்தில் கட்டித் தங்கம் அடுக்கியிருந்த இடத்தில் இப்போது அவள்தான் சரக்கு. பேங்க்கை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது அவள் நைனா ராகுலன்தான் வாட்ச்மேன், குடியிருப்பு பின்னால் இருக்கிற பழைய குதிரைவண்டிக் கொட்டகையில். காலையில் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் கட்டடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள், பழைய கட்டடங்களைப் பற்றி அறிக்கை எழுதுகிற வைதேகி மேடமும், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய ரங்கேகௌடா சாரும். ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்ட்ராங் ரூமைப் பார்ப்பதாகத் திட்டம். அவர்கள் வந்து எட்டிப் பார்க்கும் நேரம் இருட்டிலிருந்து மெக்காலிஸ்டர் துரை பேச வேண்டும், 'ஹூ இஸ் டச்சிங் மை கோல்ட்?' என்று, மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம். அப்படி ஒரு துரை இருந்ததே இல்லை, அவளாகப் பிறப்பித்தவர். கதவு விரியத் திறந்து கிடந்தால் பேய்க்கு மரியாதை கிடையாது, அதனால் கதவுக்கடியில் நைனா எப்போதும் செருகி வைக்கிற கட்டையை உள்ளேயிருந்து காலால் எத்திவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். பாதி மூடி நின்றுகொள்ளும் என்று நினைத்தாள். எந்தச் சரிவில் எது பாதியில் நின்றிருக்கிறது.

சரிவு என்று நினைத்ததும் சிரிப்பு கொஞ்சம் வற்றியது. போனில் விளக்கைப் போட்டாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, இரண்டு முழ அகலச் சுவருக்குள் எது வரும். வெளிச்சத்தில் சுவர் வெளுத்துப் போய், அங்கங்கே சுண்ணாம்பு பொரிந்து, உள்ளே கருங்கல் தெரிந்தது. காலையில் வைதேகி மேடம் இந்தக் கட்டடத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கூடப் பெண்ணை அப்படிப் பார்க்க மாட்டான். "ஐயோ, ஜன்னல் மேல இந்த மங்கி டாப் மரக்கூரையைப் பாருங்கோ! தேக்குல ஒரு ஆணி இல்லாம கோத்திருக்கான்! இந்தக் காஸ்ட் அயர்ன் தூண் கப்பல்ல வந்திருக்கு தெரியுமோ! தங்கச் சுரங்கத்துக்கு நடுவுல ஃபயர்பிளேஸ், ஹௌ ஸ்வீட்!" யசோதரா இதை இருட்டில் சன்னமாகச் சொல்லிப் பார்த்தாள், 'ஸ்வீட்'டில் வருகிற அந்த விசிலோடு. மேடம் பின்பக்கச் சுவரில் இருக்கிற சின்ன ஜன்னலுக்கு வந்தபோதும் அதே குரல்தான்: "எவ்வளவு அழகான ப்ரொபோர்ஷன்!" அது சுரங்கத்துக் கூலியாட்களுக்கான ஜன்னல். முன்வாசல் அவர்களுக்குக் கிடையாது. வெயிலில் நின்று அந்த ஜன்னலில்தான் பேச வேண்டும், அதன் அடிக்கட்டை இடுப்புக்கும் கீழே, எப்பேர்ப்பட்ட ஆளும் குனியாமல் உள்ளே முகம் காட்ட முடியாது. தெரியாமல் அப்படிக் கட்டவில்லை. நைனா அந்த ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் இன்னமும் லேசாகக் குனிவார், அவருக்கே தெரியாது, யசோதராவுக்குத் தெரியும், ஏனென்றால் நைனா நடக்கிற மாதிரி நடந்து காட்ட அந்தக் குனிவு வேண்டும். சரி, ஜன்னல் போகட்டும், சரிவு. கௌடா சார் மேடம் மாதிரி இல்லை. அவர் எதையும் அழகு என்று சொல்லவில்லை, செருப்பால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று யசோதராதான் பாவாடைப் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்தாள். பாருங்க சார், எங்க பேங்க்ல கோலிக்குக் கூட வழி தெரியும், என்று முன்வாசலில் விட்டாள். கோலி பூப்போட்ட தரை ஓடுகள் மேல் உருண்டது, தேக்குக் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு, யாரும் தள்ளாமல், நேராக ஸ்ட்ராங் ரூம் வாசலுக்கு வந்து நின்றது. சின்ன வயசிலிருந்து அவளுக்கு இது வித்தை. கௌடா சாருக்கு வித்தை இல்லை. "ஏனம்மா, இது வாலிதெயல்லா," என்றார், கட்டடம் சாய்ந்திருக்கிறதே என்று. பேனாவை எடுத்தார். கீழே பழைய சுரங்கம் போகிறது, எப்போதோ உள்ளே பாறை வெடித்துச் சரிந்த ஏர் பிளாஸ்டில் தரை இந்தப் பக்கம் இறங்கிப்போச்சு சார், அதுக்கப்புறம் அசையவே இல்ல, என்று நைனா மெல்லச் சொன்னார். "அபாயமா இல்லியா, அதை ஊட்டா ஆத மேலே எழுதறேன்," என்றார் கௌடா சார், சாப்பாட்டுக்கு அப்புறம் என்று. அபாயம் என்று எழுதினால் இடிப்பார்கள். இடத்தைக் காம்ப்ளெக்ஸ் கட்டக் கேட்டு ஆள் தயாராக நிற்கிறது. வாட்ச்மேன் எதற்கு அப்புறம், கொட்டகை எதற்கு. அம்மா மாதிரி நைனாவும் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போய் யாருடைய கேட்டுக்கோ சல்யூட் அடிக்க வேண்டும், சுரங்கத் தூசி தின்றது போக மிச்சம் இருக்கிற நுரையீரலோடு. இவ்வளவும் ஒரு கோலிக்குண்டால். இப்போது கதவு வேறு. இந்தக் கதவு தானாய் மூடி ஒரு பொண்ணை உள்ளே போட்டுக்கொண்டது என்று கௌடா சார் கண்ணால் பார்த்தால், அப்புறம் பேனாவுக்கு யோசனையே வேண்டாம். ஆகையால் அவர்கள் வருவதற்குள் வெளியே போக வேண்டும். சத்தம் போடாமல். நைனாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நைனாவுக்கு மட்டும் என்றால் குழாய் இருக்கிறது. காற்று வருவதற்காகச் சுவரில் செருகியிருக்கிறார்கள், சுரங்கத்துக்குள் காற்று அனுப்புகிற அதே இரும்புக் குழாயில் ஒரு துண்டு. உள்ளே அவள் வாய் எட்டுகிற உயரத்தில் தொடங்கிச் சுவருக்குள் வளைந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் தரையோரமாக ஓடி முடிகிறது. நைனா தினமும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார், குளிர்ச்சியாக இருக்குமாம். இப்போதும் அங்கேதான். குழாயில் வாயை வைத்து, "நைனா," என்றாள், "உள்ள மாட்டிக்கினேன், வந்து கதவத் தொற."

தட்டில் கை பிசைகிற இடைவெளி. அப்புறம் குழாயில் நைனாவின் குரல், ரசத்தோடு: "யாரு, துரையா? துரைக்கு பிரியாணி வேணுமா?"

"இல்ல நைனா, நான்தான். நெசமா."

"நேத்து உங்கம்மா குரல்ல கூப்ட்டு என்ன ஓட வெச்ச. முந்தாநாளு பால்காரன். இன்னிக்கு நான் எழுந்துக்க மாட்டேன்டியம்மா. பாட்டிலு பாட்டிலா மாத்திரை தின்னு மூச்சு வாங்கறவன் நானு. வந்து சோறு துன்னு."

"நெசமா நைனா!"

நைனா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு மனப்பாடம், நல்லா மேலே ஏறும், ஏறி, பாதியில் யாரோ கையைப் பிடித்த மாதிரி நின்றுவிடும். நின்றது. தண்ணீர் குடிக்கிற சத்தம். நெசமா என்கிற சொல்லை அவளே தேய்த்துவிட்டாள், பழைய சோப்பு மாதிரி, இப்போது நுரையே வருவதில்லை. ஒவ்வொரு ஏமாற்றலிலும் அதைத்தானே முதலில் போட்டாள். சரி, தன் குரலில் சொல்லலாம் என்றால், இப்போது சொன்னதே தன் குரல்தானா? கொஞ்சம் அம்மா கலந்திருந்தது, 'தொற'வில் எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா இருந்தாள். வெறும் யசோதரா எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்து "நைனா" என்றாள், ஸ்கூல் ஆண்டுவிழாவில் பேசுகிற குரல் வந்தது, அதையும் குழாய் வாங்கிக்கொண்டு போனது. ரசம் உறிஞ்சுகிற சத்தம்தான் திரும்பி வந்தது. நைனாவுக்கு ஒரு காது டிரில் மெஷினோடு போய்விட்டது, இன்னொரு காது அவர் விருப்பம். அவர் பெயர் ராகுலன், தாத்தா பௌத்த சங்கத்தில் சேர்ந்த வருஷம் வைத்தது. புத்தர் மகன் ராகுலனுக்கு அம்மா யசோதராதானே என்று அவர் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்து, கேட்பவர்களிடம் எல்லாம், எனக்கு நான் பெத்த அம்மா இவ, என்பார். பெற்ற அம்மா உள்ளே கிடக்கிறாள், பிள்ளை ரசம் குடிக்கிறது.

விளக்கை அணைத்தாள், பேட்டரிக்காக. அணைத்ததும் இருட்டு இருட்டாக இல்லை, கனமாக இருந்தது, ஈரக் கோணி மாதிரி. காற்று வருகிறது, குழாய் இருக்கிறது, செத்துப்போக மாட்டாள், கௌடா சார் எப்படியும் வந்து திறப்பார், பயம் ஒன்றும் இல்லை. இதற்குக் கீழேயும் இப்படித்தான் இருக்குமா, இந்தத் தரைக்குக் கீழே, நைனா இறங்கிப் போன ஆழத்தில், இதே இருட்டா, இல்லை அதற்கு வேறு நிறமா. நைனா சொன்னதில்லை. அம்மாதான் சொன்னாள், ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே, விலைவாசி சொல்கிற குரலில். நைனாவோடு ஒரே ஷிப்டில் தேவசகாயம் என்று ஒருத்தர். அவர் போடாத குரல் இல்லையாம். மேஸ்திரி குரலில் ஆளைக் கூப்பிட்டு அலையவிடுவார், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜின் மணியை வாயாலேயே அடிப்பார். ஒன்றும் தோன்றாத நாளில் காற்றுக் குழாயைத் தட்டுவார், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தட்டுகிற தட்டு, இரண்டு இரண்டாக, விட்டு விட்டு. மேலே இருக்கிறவர்கள் பதறிக்கொண்டு இறங்கி வந்தால், 'டீ வந்துச்சா?' என்று கேட்பார். எல்லாரும் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே சிரிப்பார்கள், நைனாதான் ரொம்ப சிரிப்பார். அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே ஏர் பிளாஸ்ட். தேவசகாயமும் நைனாவும் பாறைக்கு அந்தப் பக்கம். தட்டினார்கள், இரண்டு இரண்டாக, விட்டு விட்டு. மேலே கேட்டது. நன்றாகக் கேட்டது. தேவசகாயந்தான், வேற யாரு, என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆள் வந்து சேர்ந்தபோது குழாயைத் தட்டிக்கொண்டிருந்தது நைனா மட்டும்தான். அம்மா பூண்டுத் தோலை ஊதிவிட்டு, அதனாலதான்டி, நீ குரல் மாத்தும்போது அவரு சிரிப்பாரு, அப்புறம் நிறுத்திக்குவாரு, என்றாள். அதனால்தான் சுரங்கத்துக்காரர்களின் இந்த லைன் வீடுகளில் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் தட்டலாம், குழாயைத் தட்டக்கூடாது. தண்ணிக் குழாயைக்கூட. யசோதராவுக்கு ஆறு வயசு இருக்கும்போது தெருக்குழாயைக் கரண்டியால் தட்டினாள், சும்மா, சத்தம் நன்றாக இருந்தது. நைனா முகத்தில் பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார். அடிக்கவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஊரில் இருக்கிற எல்லார் முகத்தையும் அவள் செய்து பார்த்திருக்கிறாள், அந்த முகத்தை மட்டும் செய்ததில்லை.

தட்டினால் நைனா வருவார். காது கேட்காவிட்டாலும் முதுகுக்குக் கேட்கும், முதுகுதான் குழாயில் சாய்ந்திருக்கிறதே. இது அவளுக்குக் கதவு மூடிய நிமிஷத்திலிருந்தே தெரியும், தெரிந்ததைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள், ஜன்னல், கோலி, சோப்பு என்று. தட்டி, அவர் நம்பாவிட்டால்? பெத்த பொண்ணு இதுக்கும் இறங்கிட்டாளா என்று நினைத்தால்? அது ஒன்று. தட்டி, அவர் நம்பிவிட்டால்? அது இதைவிட மோசம். அந்த முகத்தோடு, ரசச் சோற்றுக் கையோடு, அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு ஓடி வருவார், தாழ்வாரத்திலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து சரிவில். வேண்டாம். கத்திவிடலாம். கத்தினால் தெருவுக்கே கேட்கும், கட்டடம் போகும். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் கௌடா சார் வந்து கொண்டியைத் தூக்குவார், கட்டடம் போகும். மெக்காலிஸ்டர் துரை குரலில் சிரித்து, நானேதான் மூடிக்கிட்டேன் சார், சும்மா விளையாட்டு, என்று சொல்லலாம். உள்ளேயிருந்து எப்படிம்மா வெளிக் கொண்டியைப் போட்டே என்று கேட்பார். அவர் கேட்கிற ஆள். இத்தனை குரல் இருக்கிறது, ஒன்றுக்கும் இந்தக் கொண்டியைத் தூக்கத் தெரியவில்லை.

குழாய்க்குள் தூரத்தில் ஜீப் ஹாரன் கேட்டது. கேட் கிரீச்சிட்டது. மேடத்தின் குதிகால் செருப்பு முன்படியில் ஏறியது. "ரைத்தா மட்டும் கொஞ்சம் புளிப்பு, இல்ல சார்?" "ஹூம்."

யசோதரா பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். கோலிக்குண்டு ஜில்லென்று இருந்தது. அதை எடுத்துக் குழாயில் தட்டினாள். இரண்டு. நிறுத்தினாள். இரண்டு. கண்ணாடி இரும்பில் பட்ட சத்தம் சுவருக்குள் வளைந்து போவது விரலில் தெரிந்தது. இரண்டு. இதைப் போல என்று ஒன்றும் இல்லை, யாரையும் மாதிரி இல்லை, தட்டு தட்டாகவே இருந்தது. தேவசகாயம் அன்றைக்கும் இதே மாதிரிதான் தட்டியிருப்பார், விளையாட்டுக்குத் தட்டினதற்கும் அதற்கும் மேலே இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, எப்படித் தெரியும், தட்டில் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்று குழாய் சொல்லுமா. இரண்டு. ஒன்று தள்ளிப் பட்டது. அந்தப் பக்கம் பிசைகிற சத்தம் நின்றது. டம்ளரா, விரல் மோதிரமா, என்னமோ ஒன்று குழாயை ஒரே ஒரு தரம் தட்டியது. கனமாக, நிதானமாக. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் புரிந்தது: கேட்டுச்சு, இரு, வர்றேன். பின்னேயே கால் சத்தம்.

கொண்டி தூக்கப்பட்டது. கதவு சரிவை எதிர்த்து வெளியே போனது, வெளிச்சம் விழுந்தது, வெளிச்சத்தில் நைனா, வலது கையில் சோறு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு. அந்த முகம். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவர் தலையில் ஆரம்பித்துக் கால் வரைக்கும் பார்த்தார், சோற்றுக் கையாலேயே அவள் உச்சியைத் தொட்டார்.

"அடி கிடி பட்டுச்சா கண்ணு?"

"இல்ல நைனா."

"கை?"

"இல்ல நைனா."

அதற்குள் மேடமும் கௌடா சாரும் ஹாலைத் தாண்டி வந்துவிட்டார்கள், நைனா ஓடினதைப் பார்த்து. "என்னாச்சு? ஓ மை காட், என்னாச்சு?" என்றார் மேடம். கௌடா சார் பொண்ணைப் பார்த்தார், கொண்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ராகுலன். இந்தப் பாகிலு, இந்தக் கதவு, தானாவே மூடிக்குதா?"

யசோதராவின் வாயில் எட்டுப் பொய் எட்டுக் குரலில் வரிசையில் நின்றன. நைனா குனிந்து அவள் எத்திவிட்ட கட்டையைத் தேடி எடுத்தார். சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்த மரத்தில் அறுத்த துண்டு அது. கதவுக்கடியில் வைத்துக் குதிகாலால் இறுக்கினார்.

"மூடிக்கும் சார். சாஞ்சிதான் இருக்குது, நெசந்தான்." மூச்சு வாங்கினார். "ஆனா உள்ளேருந்து தட்டுனா வெளிய கேக்கும் சார். கட்டுனவன் அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கான்."

கௌடா சார் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து குழாயைத் தடவிப் பார்த்தார். "ஓ. மைன்ஸ் பைப்பா இது." விரலை மடக்கிக்கொண்டு யசோதராவைப் பார்த்தார். "எங்கே, தட்டும்மா, பார்க்கலாம். நான் அந்தப் பக்கம் போய்க் கேக்கறேன்."

"அது சும்மா தட்டக்கூடாது சார்," என்றாள் அவள்.

அவர் ஏன் என்று கேட்கிற ஆள். கேட்கவில்லை. மடக்கிய விரலைப் பிரித்துக்கொண்டு, குழாய் வாயில் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "யாரோ இருக்காங்க. டக் டக்குன்னு."

"காக்கா சார்," என்றார் நைனா. "என் சோத்தத் துன்னுது."

கௌடா சாரின் மீசை அசைந்தது. பேனாவை எடுத்து நின்றவாக்கில் எழுதினார். கன்னடத்தைத் தலைகீழாகப் படிக்க யசோதராவுக்கு ஸ்கூலிலேயே பழக்கம்: ஸ்ட்ராங் ரூம் கதவுக்கு நிரந்தரமாக ஒரு கட்டை பொருத்த வேண்டும். அதற்குக் கீழே: குழாயை மூடக்கூடாது. இடிக்கப்போகிற கட்டடத்துக்கு யாரும் கட்டை கேட்க மாட்டார்கள். மேடம் அதற்குள் கதவின் கீலைப் பார்த்து, "ஹௌ ஸ்வீட்," என்றார், விசிலோடு.

யசோதரா குழாயில் வாயை வைத்தாள். "ச்சூ! போ அந்தாண்ட! யாரு ஊட்டுச் சோறு!" என்றாள், ரசம் கலந்த குரலில், பாதி மூச்சில், நைனாவாக. அந்தப் பக்கம் இறக்கை அடித்துக்கொண்டு எழும்பிற்று.

"நான் எங்கடி அப்டிக் கத்துறேன்," என்றார் நைனா, சிரிப்பு மேலே ஏறியது, ஏறிக்கொண்டே போனது, அவள் உச்சித் தலையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.